எலனின் வலக்கை

ஹமர்ஸ்மித் ஸ்ரேசன் வாசலில் மிசிஸ் லொரெயின் எங்கள் தலைகளை எண்ணத் தொடங்கியதும் நான் மெதுவாகப் பின்வாங்கிப் பூக்காரனின் வாளிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாராவது தலையை எண்ணினால் என் கால்கள் என்னைக் கேட்காமலே பின்னுக்குப் போகும். ஊரில் என்னை எண்ணியவர்களில் ஒருவர்கூட நல்லதுக்கு எண்ணவில்லை. சுட்டுவிரலால் காற்றைக் குத்திக் குத்தி வந்த அந்த மனுசி செவ்வந்திக் கொத்துகளுக்கு மேலாக என் தலையைக் கண்டுபிடித்து, "பதினாலு!" என்று சந்தோசமாகக் கத்தினார். பிடிபட்டுவிட்டேன்.

1991 ஒக்ரோபர், ஒரு சனிக்கிழமை மத்தியானம். ரூற்றிங்கில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர்தான் வகுப்பைத் திரட்டி இந்த நடைக்கு அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி இங்கே வந்த கறுப்பு மக்கள் குடியிருந்த, கூட்டம் பேசிய இடங்களை நடந்து நடந்து காட்டுவார்களாம். நடையை நடத்துகிற மிசிஸ் லொரெயின் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்து இப்போது பிரிக்ஸ்ரனில் இருப்பவர். யார் யார் வருகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். தூக்காமல் விட்டால் இவன் ஏன் தூக்கவில்லை என்று யாராவது யோசிக்க மாட்டார்களா? லண்டனுக்கு வந்த நாலு வருடத்தில் நான் செய்த எல்லாக் காரியங்களுக்கும் காரணம் இது ஒன்றுதான்.

கதவு மணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறவன் நான். பஸ்ஸில் பரிசோதகர் ஏறினால், கையில் ரிக்கெற் இருந்தாலும் இறங்கி நடப்பேன். காரணம் எளிமையானது. நான் நானில்லை. குரொய்டனில் இருக்கும் குடிவரவுக் கந்தோரின் கோப்பிலும், வேலை செய்கிற பெற்றோல் ஸ்ரேசனிலும், கோலியர்ஸ் வுட்டில் ஏழு பேர் சேர்ந்து இருக்கிற வீட்டிலும் என் பெயர் பரமேஸ்வரன். மன்னாரில் ஞானஸ்நானம் தந்த சுவாமி எனக்கு வைத்த பெயர் கஸ்பர்.

எண்பத்தேழில் ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில் பரமேஸ்வரன்தான் இருந்தார். படத்திலிருந்த அவருக்கும் எனக்கும் இருந்த ஒற்றுமை, இரண்டு பேருக்கும் மூக்கு இருந்தது என்பதுதான். ஏஜென்சிக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெள்ளைத் துணியால் என் தாடையைச் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்டான். "பல்லுக் கொதி. ஆர் என்ன கேட்டாலும் வாய் திறக்கப்படாது" என்றான். போதாததற்கு நெற்றி நிறையத் திருநீறும் பூசிவிட்டான். அப்படியே வந்திறங்கி, அந்தப் பெயரிலேயே தஞ்சம் கேட்டு, அந்தப் பெயருக்குள்ளேயே அகப்பட்டுப்போனேன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்காரர்களோடு விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போவேன். ஞாயிறு விடிய, ஷிப்ட் என்று சொல்லிவிட்டுத் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போவேன். லண்டனில் இரண்டு பக்கத்துக் கடவுள்களுக்கும் ஒளித்துத் திரிந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இவ்வளவு நாளும் அதை எப்படியோ சமாளித்தாயிற்று. இப்போதுதான் கழுத்துக்கு வந்திருந்தது. நாலு வருடம் முடிந்ததால் மனைவியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். மெற்றில்டா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். பொலிஸ் வந்து தட்டுகிற நாட்களில் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு செபமாலை சொல்வதாகக் கடிதம் எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குரொய்டனில் என்னை நேரில் விசாரிப்பார்கள். படிவம் நாலாக மடித்து என் கோட்டுப் பொக்கற்றுக்குள் கிடந்தது. கணவரின் பெயர் என்ற இடம் மட்டும் வெறுமை. தேவாலயத்தில் தந்த விவாகப் பத்திரத்தில் கஸ்பர். கோப்பில் பரமேஸ்வரன். கஸ்பர் என்று எழுதினால், நாலு வருடமாகப் பொய் சொன்னவன் என்று அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள். பரமேஸ்வரன் என்று எழுதினால் விவாகப் பத்திரத்தோடு பொருந்தாது, அவள் கட்டிலுக்கடியிலேயே கிடக்க வேண்டியதுதான். புதிதாக ஒரு விவாகப் பத்திரம் செய்து தர ரெய்னர்ஸ் லேனில் ஒருவர் ஆயத்தமாக இருந்தார். ஆனால் என் மனைவியை நானே பரமேஸ்வரனுக்குக் கட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"என்ன பரமண்ணை, பூ வாங்கவோ வந்தனீங்கள்?" என்றபடி சிவானந்தன் என் தோளில் தட்டினான். என் அறையில் மற்றக் கட்டிலில் படுப்பவன், சுன்னாகம், ஊருக்கே கேட்கிற மாதிரித்தான் கதைப்பான். நான் அவனைக் கண்ணால் அதட்டினேன். ஏனென்றால் அப்போதுதான் அந்த மழைக்கோட்டுக்காரரைக் கண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் இல்லாத வெள்ளைக்காரர். உயரம், மொட்டைத்தலை, கக்கத்தில் குடை, கையில் ஒரு கொப்பி. மிசிஸ் லொரெயின் சொல்வதையெல்லாம் எழுதினார். அவர் ஒன்றும் சொல்லாதபோதும் எழுதினார். என்னைப் பார்த்துவிட்டு எழுதினார்.

"அவர் குரொய்டன்" என்றேன் மெதுவாக.

"உங்களுக்குச் சலூன்காரனும் குரொய்டன்தானே அண்ணை. போன மாசம் தலைமயிரைப் பொறுக்கிக்கொண்டு வந்தனீங்கள்."

அது உண்மை. ஆனால் அந்தச் சலூன்காரன் உண்மையிலேயே நிறையக் கேள்வி கேட்டான்.

பிரதான வீதியைத் தாண்டி, ரெயில் பாலத்துக்குக் கிட்ட ஒரு அமைதியான தெருவுக்குள் நடந்தோம். நான் நடுவில் நடந்தேன். முன்னுக்குப் போனால் முகம் தெரியும், பின்னுக்கு நின்றால் தனியாகப் பிடிப்பார்கள். மழைக்கோட்டுக்காரரும் நடுவில் நடந்தார். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினால் அவரும் நின்று வீட்டுக் கூரைகளைப் பார்த்தார். மூன்று தரம் கட்டினேன். மூன்று தரமும் கூரை பார்த்தார்.

சாதாரணமான ஒரு வீட்டுக்கு எதிரே மிசிஸ் லொரெயின் நின்றார். பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. யன்னலில் வெள்ளைத் திரை, படியில் ஒரு பால் போத்தல். எலன், வில்லியம் என்ற புருசனும் பெண்சாதியும் இந்தத் தெருவில்தான் குடியிருந்தார்களாம். இரண்டு பேரும் ஜோர்ஜியாவில் அடிமைகள். எலனுக்கு வெள்ளைக்காரர் மாதிரி நிறம். 1848 மார்கழியில் அவள் தலைமயிரை வெட்டி, காற்சட்டையும் உயரத் தொப்பியும் போட்டு, நோயாளியான ஒரு வெள்ளைக்காரத் துரையாக மாறினாள். புருசன் அவளுக்கு வேலைக்காரன். அப்படியே ரெயினும் கப்பலுமாக நாலு நாளில் வடக்கே தப்பிப் போய்விட்டார்கள். பிறகு அங்கேயும் பிடிக்க ஆள் வர, கப்பலேறி இங்கே வந்தார்கள்.

"முகத்தில் தாடி மீசை இல்லையே, யாராவது சந்தேகப்பட்டால்?" என்று தானே கேட்ட மிசிஸ் லொரெயின், தன் கழுத்துச் சால்வையை எடுத்துத் தாடையைச் சுற்றிக் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டுக் காட்டினார். "பல் வலி மாதிரி. யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த முடிச்சை எனக்குத் தெரியும். அதன் இறுக்கம் இப்போதும் காதுக்குப் பின்னால் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் என் கோப்பை யாரோ திறந்து, இந்த நடுத்தெருவில் பதினாலு பேருக்கு வாசிக்கிறார்களா? மழைக்கோட்டுக்காரர் எழுதினார். தாடையைத் தடவிப் பார்க்க எழுந்த கையைப் பொக்கற்றுக்குள் திணித்தேன்.

"அண்ணை, எங்கட ஏஜென்சிக்காரன்ர மூளை எண்டெல்லோ நினைச்சனான்" என்று சிவானந்தன் என் காதுக்குள் சொன்னான். "நூற்றைம்பது வருசப் பழசாம்."

அவனுக்கு நான் தாடைக்கட்டைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அல்லது தூக்கத்தில் ஏதும் சொன்னேனோ?

மிசிஸ் லொரெயின் இப்போது சால்வையை அவிழ்த்து, கழுத்திலிருந்து தொங்கவிட்டு, வலக்கையை அதற்குள் போட்டுக்கொண்டார். இதுதான் கெட்டித்தனம் என்றார். அடிமைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். துரை என்றால் ஹோட்டலில் பெயர் எழுத வேண்டும், கையொப்பம் வைக்க வேண்டும். எலனுக்கு எழுதத் தெரியாது. அதனால் வலக்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டாள். கை ஏலாத மனுசனை யார் எழுதச் சொல்வார்கள்?

சிவானந்தன் வகுப்பில் போலவே கையைத் தூக்கி ஆங்கிலத்தில் கேட்டான். இங்கே வந்த பிறகு, வேறு ஆளாக நடித்து வந்ததை அவர்கள் மறைத்தார்களா?

"மறைப்பதா? ஊர் ஊராக மேடை ஏறினார்கள். வில்லியம் கதையைச் சொன்னார், எலன் பக்கத்தில் நின்றாள். தங்கள் சொந்தப் பெயரோடு" என்றார் மிசிஸ் லொரெயின். பிறகு கட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து விரல்களை விரித்துக் காட்டினார். "இங்கே வந்து முதலில் எழுதப் படித்தாள்."

நல்ல விசயம்தான். ஆனால் அவர்களைத் திருப்பி அனுப்ப அப்போது குரொய்டன் இருக்கவில்லையே என்று கேட்க வாய் உன்னியது. கேட்டிருந்தால் கோப்பில் இன்னொரு தாள் சேர்ந்திருக்கும். நான் பால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டிலுக்கடியில் படுப்பவளுக்கு மழை காலத்தில் மூச்சு இழுக்கும். நிலம் சீமெந்து.

தூறல் தொடங்கியபோது நடை முடிந்தது. மழைக்கோட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். கோடு போட்ட ஒரு தாளைக் கொப்பிக்கு மேல் வைத்திருந்தார். அடுத்த நடைக்குத் தபாலில் அறிவிக்க வேண்டும், எல்லாரும் பெயரும் விலாசமும் எழுதித் தாருங்கள் என்றார். தான் பேட்டை வரலாற்றுச் சங்கத்துச் செயலாளர் என்றும் சொன்னார். குரொய்டன்காரன் வேறு எப்படிச் சொல்வான்?

தாள் ஆளாளாகக் கைமாறி வந்தது. ஓடலாமா என்று தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தேன். சிவானந்தன் தன் பெயரைக் கொடி பறக்க எழுதிவிட்டு, "பொறுங்கோ, உங்கட பேரையும் நானே எழுதிவிடுறன்" என்று அடுத்த கோட்டில் பேனையை வைத்தான்.

என் வலக்கை பொக்கற்றுக்குள் இருந்தது. விரல்கள் படிவத்தின் மடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. இவன் எழுதிவிட்டால் எனக்கு வேலையில்லை. கை ஏலாதவனாக இப்படியே வீட்டுக்குப் போகலாம்.

"வேண்டாம்" என்றேன். குரல் எலிக்குஞ்சின் குரலாக வந்தது.

சிவானந்தன் நிமிர்ந்து பார்த்தான். அவன் குரலும் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தாழ்ந்தது. "அண்ணை, கோயில்லை திருநீறு பூசேக்கை உங்கட கை நெத்தியோடை நிக்கிறேல்லை. நெஞ்சுக்குப் போய், இடப்பக்கத் தோளுக்குப் போய், வலப்பக்கத் தோளுக்கும் போகுது. ரெண்டு வருசமாப் பாக்கிறன்."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்டிலை எல்லாருக்கும். சொன்னால் நீங்கள் வெருண்டு ஓடிப்போடுவியள், வாய் திறவாதேங்கோடா எண்டு செல்வமலரக்கா சொல்லிப்போட்டா." எங்கள் வீட்டுக்காரி அவர். வெள்ளிக்கிழமை தோறும் என் நெற்றியைச் சரிபார்த்துத்தான் காரில் ஏற்றுவார். "ஞாயிறிலை உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறதும் அவதானே. பூசை முடிஞ்சு பசியோடை வருவியள் எண்டு. பெற்றோல் ஸ்ரேசன் ஷிப்டுக்கு ஆர் அண்ணை கழுத்திலை ரை கட்டிக்கொண்டு போறது?"

ஏழு பேர் இருக்கிற வீட்டில் ஆறு பேருக்கு என்னைத் தெரிந்திருந்தது. தெரியாமல் நடித்துக்கொண்டிருந்தவன் நான் மட்டும்தான். வெட்கப்பட வேண்டிய இடம் அது. எனக்கோ பயம்தான் வந்தது. வீடு முழுக்கத் தெரிந்ததைக் குரொய்டன் அறிய எவ்வளவு நேரம் எடுக்கும்?

மழைக்கோட்டுக்காரர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். எனக்கு எழுத வராது என்று நினைத்தாரோ என்னவோ, அவசரமில்லை என்று மிகவும் தணிவாகச் சொன்னார். நான் பொக்கற்றிலிருந்து கையை எடுத்தேன். சூடாக இருந்தது. பேனையை வாங்கினேன். சிவானந்தன் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பி, யாருமில்லாத தெருவைக் காவல் பார்த்தான்.

கஸ்பர் என்று எழுதினேன்.

நாலு வருடமாக எழுதாத பெயர். முதலெழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு பெரிய துளி அதன்மேல் விழுந்து மை கிளை விட்டது. மழைக்கோட்டுக்காரர் பதறிப்போய்க் குடையைத் தன் தலைக்கு மேலிருந்து எடுத்துத் தாளுக்கு மேலே பிடித்தார். எழுதியதைத் தலைகீழாக வாசித்து, பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, குடும்பப் பெயருக்கு, எங்களுக்கென்றால் தகப்பன் பெயருக்கு, விட்டிருந்த இடத்தை ஈர விரலால் காட்டினார்.

என் அப்பாவின் பெயர் செபஸ்தியாம்பிள்ளை. மழைக்குள் நின்று எழுதி முடிக்கிற பெயரா அது? நான் ஒவ்வோர் எழுத்தாகத் தொடங்கினேன். அந்த மனுசன் குடையை அசைக்காமல் பிடித்தபடி நின்றார். அவருடைய மொட்டைத்தலையில் விழுந்த தண்ணீர் கன்னத்தால் வடிந்து, நாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.