அடியில் தங்கிய மாப்பிள்ளை

மலேசியாவின் தம்போய்த் தொழிற்பேட்டையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் குணாளன் மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் அவனுடைய நிறம் முழுவதும் கணுக்காலுக்குக் கீழே இறங்கிவிடும். முதலில் தலைமுடி தெளியும். பிறகு நெற்றியும் கண்ணும் மூக்கும் கழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடியாகி, அவனுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தேதியைக் கூட அவன் முகத்தின் வழியே வாசிக்கலாம். சட்டையும் காற்சட்டையும் மட்டும் உள்ளே ஆளிருக்கும் வடிவோடு நிற்கும். பாதங்களிலோ படிவு தெளிவாக இருக்கும்: அடியில் முடியின் கருமை, அதன்மேல் தோலின் மாநிறம், எல்லாவற்றுக்கும் மேலே உதட்டின் சிவப்பு ஒரு மெல்லிய வளையமாக. முடி காணமாட்டாமல் ஒருவரும் அடி காணமாட்டாமல் ஒருவரும் திகைத்த வரலாற்றை அறிந்த ஊர் என்பதால், அடி மட்டும் காணக்கிடைத்த ஒருவனைக் கண்டு தம்போய் பெரிதாகத் திகைக்கவில்லை.

இது தொடங்கிய நாள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருக்கும் முருகன் கோவிலில் மயில் வாகனத்துக்குப் பொன்வண்ணம் பூச வேண்டியிருந்தது. கார் பெயிண்ட் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் என்பதால் குணாளனை அழைத்தார்கள். பொன்வண்ணம் என்பது தெளிந்த வார்னிஷில் மிதக்கும் நுண்ணிய உலோகத் துகள். விட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஸ்ப்ரே கன் பிடிப்பவர்கள் மூன்று வீச்சுக்கு ஒருமுறை மணிக்கட்டைத் திருகி, கன்னின் மேலுள்ள பெயிண்ட் குவளையைச் சுழற்றுவார்கள். சிலர் குவளைக்குள் ஓர் எஃகு உருண்டையைப் போட்டுவைப்பார்கள். சிலர் கன்னின் வாயைத் துணியால் பொத்தி விசையை அழுத்திக் காற்றை உள்ளே திருப்பிக் கொப்பளிக்கவைப்பார்கள். குணாளன் மூன்றையும் செய்பவன். ஆனால் மயிலைச் சன்னிதிக்கு நேரே இருந்து நகர்த்தக் கூடாது என்பதால் பூச்சு அங்கேயே நடந்தது. கோவில் தலைவர் செல்லப்பன் முன்பு பேருந்து ஓட்டியவர். அவர் ஒரே ஒரு விதி சொன்னார்.

“தம்பி, சாமி பாத்துக்கிட்டு இருக்காரு. கையை அப்படியும் இப்படியும் ஆட்டாதீங்க. கற்பூரத் தட்டு காட்டுற மாதிரி காட்டுங்க.”

குணாளன் பக்தியுள்ளவன். எஃகு உருண்டையின் கடகடப்பு மணியோசையோடு போட்டியிடக் கூடாதென்று அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கன்னை இரு கைகளாலும் ஏந்தி, திருகாமல், குலுக்காமல், தீபம் காட்டும் நிதானத்தில் வலமாகச் சுற்றினான். மனிதரைப் பாடினால் முடியிலிருந்து தொடங்கவேண்டும், தெய்வத்தைப் பாடினால் அடியிலிருந்து தொடங்கவேண்டும் என்னும் பழைய மரபு பூச்சுக்கும் பொருந்தும் என்று அவனுக்குத் தோன்றியதால் மயிலின் காலில் தொடங்கினான். குவளையின் வாய் கீழே இருப்பதால், அடியில் தங்கிய பொன் முழுவதும் முதல் ஐந்து நிமிடத்திலேயே கால்களுக்குப் போய்விட்டது. கழுத்துக்கும் கொண்டைக்கும் வெறும் தெளிநீர்தான் மிஞ்சியது. கால் தகதகக்க, தலை அடிப்பூச்சின் வெண்மையோடு நின்ற மயிலைக் கண்ட செல்லப்பன் நெடுநேரம் யோசித்து, பெருமையெல்லாம் அடியில்தானே இருக்கிறது என்று தீர்ப்பளித்தார். மயில் இன்றும் அப்படியேதான் உலா வருகிறது. மறுநாள் காலை, கார் ஒன்றைத் தேய்த்து முடித்துவிட்டுச் சற்று நின்ற குணாளன், தன் பட்டறை முதலாளி கனகராஜ் தன்னைக் கடந்து போய்த் தன்னையே தேடுவதைக் கண்டான்.

மருந்தகத்தில் இரத்தமும் சிறுநீரும் சீராக இருந்தன. தாதி அவன் பாதத்தைத் தட்டிப்பார்த்து நடக்கச் சொன்னாள். பத்தடி நடந்ததும் அவன் முழுதாகத் திரும்பி வந்ததால் பதிவேட்டை மூடிவிட்டார்கள். அதன்பிறகு அவன் எங்கு நின்றாலும் இடக்காலுக்கும் வலக்காலுக்கும் எடையை மாற்றி மாற்றி ஆடிக்கொண்டே நின்றான். சாலைச் சோதனையில் இரண்டுமுறை ஊதச் சொன்னார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர் அவனைக் கட்டடத்தைச் சுற்றி ஓடிவரச் சொல்லி, மூச்சு வாங்கும் முகத்தைப் பதிந்துகொண்டார். இப்படி ஓராண்டு போயிற்று.

கார்களின் வண்ண எண்ணைச் சொன்னால் அதே வண்ணத்தைக் கலந்து தரும் கடை ஒன்று ஜொகூர் பாருவில் இருக்கிறது. அதில் கலப்பவள் லோஷினி. கலந்த டின்னை ஒரு பொறியில் இறுக்கி, அது ஐந்து நிமிடம் நடுநடுங்கி நிற்கும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டும். ஒருநாள் குணாளன் அந்தப் பொறியின் நடுக்கத்தைப் பார்த்து மெய்ம்மறந்து தான் ஆட மறந்துபோனான். லோஷினி நிமிர்ந்தபோது சட்டைக் கழுத்துக்கு மேலே எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது.

“அலமாக்!” என்று வியந்தாள். “அடியில தங்கிட்டீங்க போல.”

“மன்னிச்சிருங்க. கொஞ்சம் அசந்துட்டேன்.”

“எதுக்கு மன்னிப்பு? நல்ல பெயிண்ட்டுதான் தங்கும்லா. மட்டமான சரக்கு எத்தனை நாள் வெச்சாலும் அப்படியே இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது, எப்படித் தங்கும்?”

முப்பத்து மூன்று வயதுவரை தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல சொல்லை அவன் கேட்டதில்லை. அடுத்த எட்டு மாதங்களில் தம்போயிலிருந்து அந்தக் கடைக்குத் தேவைக்கு மேல் நாற்பது முறை போனான். அரை லிட்டர் வெள்ளை வாங்க ஒருமுறை, அதே வெள்ளையின் மூடி வாங்க ஒருமுறை. ஒன்பதாம் மாதம் லோஷினியே தன் தாயிடம் சொன்னாள்.

தாய் யோகேஸ்வரி பாலோ என்னும் ஊருக்கு அருகே ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கணவர் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டுத் தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். வருகிற ஆட்டத்தைப் பார்த்தே அன்றிரவு அடி யாருக்கு என்று யோகேஸ்வரி கணித்துவிடுவார். பத்தொன்பது ஆண்டுகள் கணித்தபின், கணவரை மண்ணுக்குக் கொடுத்த வாரம், தோட்டத்து மாரியம்மன் முன் பால்குடத்தை இறக்கிவைத்து ஒரு சத்தியம் செய்தார்: ஆடுகிற ஆண்பிள்ளை எவனும் இனித் தன் வாசற்படி ஏறமாட்டான். பிறகு மகளை அழைத்துக்கொண்டு தம்போய்க்கு வந்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அந்தச் சத்தியத்தை மின்விசிறி பழுதுபார்க்க வந்தவரிடம் கூடக் காப்பாற்றியிருக்கிறார். வந்தவருக்கு நரம்புத் தளர்ச்சி.

பெண் கேட்க வந்த குணாளன் வாசலில் செருப்பைக் கழற்றியபடி இடமும் வலமும் ஆடினான். யோகேஸ்வரி கதவைச் சாத்தினார். காரணம் விளங்கட்டும் என்று லோஷினி கதவைத் திறந்து அவனை அசையாமல் நிற்கச் சொன்னாள்; மூன்று நிமிடத்தில் வாசலில் ஒரு சட்டை மட்டும் நின்றது. யோகேஸ்வரி அதையும் நன்றாகப் பார்த்தார்.

“மாப்பிள்ளை கருப்பா சிவப்பான்னு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது? காலைப் பாருங்கன்னு சொல்லவா?”

“கருப்பு சிவப்பு எல்லாம் நான் கலந்துக்கிறேம்மா,” என்றாள் லோஷினி. அம்மா சம்மதிக்காமல் தாலி ஏறாது, வேறொருவன் தாலியும் ஏறாது என்று கூறிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்த நிலை இரண்டு தீபாவளிகளைக் கடந்தது. மூன்றாவதற்கு முந்திய வாரம் யோகேஸ்வரி தானே பட்டறைக்கு வந்து, ஆடிக்கொண்டு நின்ற குணாளனின் முகத்தைப் பார்க்காமல் தன் நிபந்தனையைச் சொன்னார். மணவறையில் ஒரு மணி நேரம், முந்நூறு பேர் முன்னிலையில், ஓர் இம்மியும் ஆடாமல் உட்காரவேண்டும். நிறம் இருந்தாலும் சரி, இறங்கினாலும் சரி. அது அவன் பாடு. ஆடினால் பெண் எழுந்துவிடுவாள். குணாளன் கைகூப்பி ஒப்புக்கொண்டான்.

கனகராஜ் இதைத் தொழில் சிக்கலாகவே கருதினார். “பெயிண்ட் தண்ணியா இருந்தாத்தான் சீக்கிரம் தங்கும். தின்னரைக் குறைடா,” என்று அவனுடைய தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கிக்கொண்டார். நெய்ச்சோறும் உளுந்தங்களியும் உண்டு குணாளன் பதினோரு கிலோ கெட்டியானான். நிறம் இறங்க மூன்று நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் பிடித்தது. ஓர் எஃகு உருண்டையை விழுங்கியும் பார்த்தான். அது எந்தப் பலனும் தராமல் இரண்டாம் நாள் தன் வழியே போயிற்று. ஆறு நிமிடத்துக்கு மேல் நிறத்தை நிறுத்திவைக்கும் உபாயம் எதுவும் கிடைக்காத நிலையில் முகூர்த்த நாள் வந்தது.

தை மாதத்து ஞாயிறு. நாதசுரம் முழங்க, பட்டு வேட்டியும் தலைப்பாகையும் மாலையுமாகக் குணாளன் மணவறையில் சம்மணமிட்டு அமர்ந்தான். யோகேஸ்வரி எதிரே முதல் வரிசையில், கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நிமிடம் மீசை போயிற்று. ஆறாம் நிமிடம் தலைப்பாகைக்கும் மாலைக்கும் நடுவே மூன்று திருநீற்றுக் கீற்றும் ஒரு குங்குமப் பொட்டும் மட்டுமே அந்தரத்தில் நின்றன. விருந்தினர் எவரும் எழுந்து போகவில்லை. சாம்பார் இன்னும் கொதிக்கவில்லை என்று செய்தி வந்திருந்தது. உருவமும் இன்றி அருவமும் இன்றித் திருநீறு மட்டுமாக விளங்கும் நிலை பெரியோர்க்கும் எளிதன்று என்று செல்லப்பன் பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கினார். புரோகிதர் மடிமேல் இருந்த கையைத் துழாவிக் கண்டுபிடித்துக் காப்புக் கட்டியபோது, மஞ்சள் கயிறு காற்றில் ஒரு வளையமாக நின்றது.

முப்பதாம் நிமிடம் பட்டு வேட்டியின் மடிப்புக்குக் கீழே இரண்டு பாதங்கள் எண்ணெய் பூசிய கருங்கல்போலக் கறுத்துப் பளபளத்தன. நிறம் முழுவதும் அங்கே நெருங்கிக் கிடந்ததால் அவை வீங்கி, விரல்கள் துடித்தன. அது வலிக்கும் என்பதை லோஷினி மட்டும் அறிவாள். அவள் தலை குனிந்தபடி, கண்ணுக்குத் தெரியாத முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் தன் முழங்காலை ஒட்டிவைத்திருந்தாள். யோகேஸ்வரி கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பாதங்களையே பார்த்திருந்தார். சொன்ன சொல்லுக்காக ஓர் ஆண்பிள்ளை முந்நூறு பேர் நடுவே தன்னை முழுதாக அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் இதற்குமுன் கண்டதில்லை. குடிக்கமாட்டேன் என்று பாலோவில் அவருக்குச் செய்யப்பட்ட சத்தியங்களில் எதுவும் மறுநாள் மாலைச் சங்கைத் தாண்டியதில்லை. நாற்பதாம் நிமிடம் அவர் எழுந்து மணவறை ஏறினார். நாதசுரம் நின்றது.

“போதும் தம்பி. ஆடுங்க.”

தலைப்பாகை அசையவில்லை. “ஒரு மணி நேரம்னு சொன்னீங்க அத்தை. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

“நாந்தானே சொன்னேன்? நானே இப்ப ஆடச் சொல்றேன். ஆடுங்க!”

“மாரியம்மன் மேல சத்தியம் பண்ணிருக்கீங்க. என்னால அது கெடக் கூடாது.”

“அம்மா, இவரு இப்படித்தான்,” என்றாள் லோஷினி, தலை நிமிராமல். “மூடியைத் திறக்கவே ஒரு நாள் ஆகும்.”

யோகேஸ்வரி பாலோ இருக்கும் வடதிசை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “தாயே, ஆடுறது இவரு இல்ல. ஆட்டுறது நான். கணக்கை என் பேர்ல எழுதிக்க,” என்று உரக்கச் சொல்லிவிட்டு, மாலைக்கு இருபுறமும் காற்றில் துழாவி இரண்டு தோள்களைப் பற்றி உலுக்கத் தொடங்கினார். பாற்கடலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்தவர்கள் தேவரும் அசுரருமாகப் பலர். இங்கே இழுத்தது ஒரே ஒரு அம்மாள். நான்காம் உலுக்கலில் முழங்கால்கள் வந்தன. பத்தாம் உலுக்கலில் கை வந்தது. அந்தக் கை லோஷினியின் விரல்களைப் பிடித்திருந்தது தெரிந்து சபை சிரித்தது. பிறகு உதடு தன் சிவப்போடும், கண்கள் தம் கருமையோடும் எழுந்தன. கடைசியாக மீசை, சற்றுக் கோணலாக. கெட்டிமேளம் கொட்ட, மூன்று முடிச்சும் விழும்வரை யோகேஸ்வரி இடத்தோளை விடவில்லை. புகைப்படத்தில் அவருடைய கை மட்டும் கலங்கித் தெரிகிறது.

சாம்பார் அந்நேரத்துக்கு நன்றாகக் கொதித்திருந்தது. விருந்து மூன்று பந்தி நடந்தது.

இப்போது மூவரும் தம்போயில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். லோஷினி மாலை ஏழு மணிக்குக் கடையிலிருந்து வருவாள். அதுவரை தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் யோகேஸ்வரி, பக்கத்துப் பிரம்பு ஆடுநாற்காலியில் உறங்கும் மருமகனை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காலால் ஆட்டிக்கொண்டே இருப்பார். தொடரில் அழுகைக் காட்சி வந்தால் கால் நின்றுவிடும். சென்ற வாரம் அப்படி ஒரு காட்சியின்போது, மோட்டார் சைக்கிளில் விழுந்த கீறலைக் காட்டுவதற்காக அடுத்த வீட்டு மூர்த்தி வாசலில் நின்று, மாப்பிள்ளை இருக்கிறாரா என்று கேட்டார். யோகேஸ்வரி குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

“இருக்காரு. உள்ள வந்து உக்காருங்க, கலக்கித் தர்றேன்.”