மணப்பெண் எழுந்துவிட்டாள்

திலிம்சான் நகரில் மணப்பெண்ணாக உட்காருவது லேசுப்பட்ட வேலையல்ல. சரிகை அடர்ந்த வெல்வெட் கல்யாண உடுப்பான ஷெத்தாவை மாட்டி, கழுத்திலிருந்து இடுப்புவரை முத்துச் சரங்களைத் தொங்கவிட்டு, தலையில் கூம்புத் தொப்பியைக் கவிழ்த்து, இடுப்பில் தங்க ஒட்டியாணத்தை இறுக்கிவிட்டு, சிரித்த முகமாய் இரு என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப்போகும்வரை பெண் ஆசனத்தைவிட்டு எழக்கூடாது. எழுந்தால் அபசகுனமாம். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் ஒருநாளும் அந்த ஒட்டியாணத்தைக் கட்டியிருக்க மாட்டான்.

கிஸ்லானும் எழாமல்தான் உட்கார்ந்திருந்தாள். தர்புகா மேளம் சூடுபிடித்த நேரத்தில் அந்த வலி வந்தது. அடிவயிற்றின் வலப்பக்கம், ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி. மூச்சு நின்று வந்தது.

"ஒட்டியாணந்தான்," என்றாள் அலங்காரக்காரி யமீனா, சற்றும் பதறாமல். "நான் ஜோடிச்ச பொண்ணுங்கள்ல வயித்து வலி வராதவ யாரு? ஒரு கொக்கியைத் தளர்த்தறேன், எல்லாம் சரியாப் போயிடும்."

கொக்கி தளர்ந்தது. வலி தளரவில்லை. அம்மா ஸுலீகா ஆரஞ்சுப்பூத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள். குடித்த வேகத்தில் அது பூவேலைத் துண்டில் வாந்தியாக வெளியே வந்தது. பெரியம்மா ஒருத்தி கண்திருஷ்டி என்று சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்தப் புகையிலேயே வலி மெல்ல அடங்கியது.

"பாத்தியா, போயிடுச்சு!" என்று எல்லோரும் குலவையிட்டார்கள்.

கிஸ்லானுக்கோ அப்போதுதான் உள்ளுக்குள் திக்கென்றது.

குளிர்காலத்தில் எடுத்த ஸ்கேனில் அவளுடைய வலது சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி தெரிந்திருந்தது. டாக்டர் வஹீபா அவளைப் பயமுறுத்தவில்லை. "முக்கால்வாசிக் கட்டி தானாக் கரைஞ்சிடும், பாத்துக்கிட்டே இருப்போம்," என்றுதான் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஆனா திடீர்னு ஒரு பக்கமா உயிர் போற மாதிரி வலிச்சு வாந்தி வந்துச்சுன்னா, காய்ச்சல் அடிச்சா, தலை சுத்தி விழுந்தா, அடுப்புல இருக்கறத அப்படியே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வா. சினைப்பை முறுக்கிக்கிட்டா ரத்தம் போகாது, அப்புறம் அது செத்துடும். நடுவுல வலி விட்டு விட்டு வரும். விட்டுடுச்சுன்னு நம்பிடாத."

வெளியே வந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். கல்யாணம் முடிகிறவரை யாருக்கும் தெரியக்கூடாது. கட்டி என்று காதில் விழுந்தால் பிள்ளை பெறமாட்டாள் என்றே ஊர் முடிவுகட்டிவிடும், சம்பந்தம் கைவிட்டுப் போகும். அம்மாவின் பயத்தில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமியார் பஹீஜா, பார்த்த பார்வையிலேயே வெல்வெட்டின் தரத்தை எடைபோடுகிறவள்.

இரண்டாம் முறை வலி வந்தபோது கிஸ்லானுக்குக் கண் இருண்டது. இவர்கள் சொல்கிறபடி உட்கார்ந்தே இருந்தால் தன் சினைப்பை தனக்குள்ளேயே செத்துப்போகும் என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் அவளைத் தூக்கி நிறுத்தியது.

மணப்பெண் எழுந்துவிட்டாள். தர்புகா நின்றது. குலவை பாதியில் அறுந்தது.

"உக்காருடி!" அம்மா பல்லைக் கடித்தாள். "ஊரே பாக்குது!"

"பாக்கட்டும்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

பஹீஜா தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "என்ன நடக்குது இங்க?"

"அத்தை, எனக்குச் சினைப்பையில கட்டி இருக்கு. அது முறுக்கிக்கிச்சுன்னு நினைக்கிறேன். இப்படி வலிச்சா உடனே வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வேணாம்னா கல்யாணத்தை நிறுத்திக்கோங்க. இப்ப வழி விடுங்க."

பஹீஜாவின் முகம் சிவந்தது. "அறிவிருக்கா?" என்று கத்தினாள். கிஸ்லான் தலை கவிழ்ந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கானதல்ல. "சம்பந்தி, உன்னைத்தான் கேக்கறேன்! டாக்டர் வான்னு சொன்ன பொண்ணைப் பிடிச்சு உக்காரவெச்சுப் புகை போட்டுக்கிட்டு இருக்கியே! நாதிர்! டேய் நாதிர்! காரை வாசலுக்குக் கொண்டா!"

அழைத்துப்போகத்தான் வந்திருந்தான் மாப்பிள்ளை நாதிர். ரிப்பன் கட்டிய காரில் மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு பறந்தான். விஷயம் தெரியாமல் பின்னால் வந்த கார்களெல்லாம் வழக்கம்போல ஹாரனை அலறவிட்டுக்கொண்டு துரத்தின. கல்யாண ஊர்வலத்துக்கு யார் வழி விடமாட்டார்கள்? தெருவே ஒதுங்கியது. மாடிகளிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். வலியில் சுருண்டு கிடந்த கிஸ்லானுக்குக் கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

அவசரப் பிரிவு வாசலில் அம்மா கடைசியாக ஒருமுறை காதோரம் கெஞ்சினாள். "குடல்வால்னு சொல்லு கண்ணு. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

கிஸ்லான் முத்துச் சரங்களை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு நர்ஸிடம் உரக்கச் சொன்னாள்: "வலது சினைப்பையில நீர்க்கட்டி. குளிர்காலத்துல ஸ்கேன் எடுத்தது. திடீர்னு வலி, வாந்தி. நடுவுல விட்டுட்டு மறுபடி வந்திருக்கு."

நர்ஸ் ஷெத்தாவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் படுக்கை வந்தது, ஸ்கேன் நடந்தது, டாக்டர் வஹீபாவும் வந்து சேர்ந்தார். யமீனா மூச்சிரைக்க ஓடிவந்து, ஒட்டியாணத்தின் கொக்கிகளை ஒன்றுவிடாமல் கழற்றினாள். ஆபரேஷன் அறைக்குள் கிஸ்லான் ஒரு குண்டூசிகூட இல்லாமல் போனாள்.

மறுநாள் காலை டாக்டர் வஹீபா கட்டிலோரம் வந்து நின்றார்.

"நல்லா முறுக்கியிருந்துச்சு. பிரிச்சுவிட்டோம், எங்க கண்ணு முன்னாலயே அதுக்கு நிறம் திரும்புச்சு. கட்டியை எடுத்தாச்சு. சினைப்பை பத்திரமா இருக்கு. நேத்து ராத்திரிவரைக்கும் நீ பொறுத்துக்கிட்டு உக்காந்திருந்தா நான் இதைச் சொல்லிக்கிட்டு நின்னிருக்க மாட்டேன்."

கிஸ்லான் அழுதாள். ஜெயித்தவள் அழும் அழுகை அது.

பஹீஜா தலையணையைச் சரிசெய்தாள். "கல்யாணத்தை நிறுத்திக்கன்னியே, கொழுப்புதான் உனக்கு! தையல் ஆறட்டும். மறுபடி உக்காருவ. இந்தத் தடவை ஒட்டியாணம் கிடையாது, யமீனாகிட்டச் சொல்லிட்டேன்."

கதவுக்கு வெளியே நடைபாதையில் சொந்தக்காரர்கள் கூட்டம். சாம்பிராணிப் பெரியம்மா ஸுலீகாவை மடக்கிக் கேட்பது உள்ளே கேட்டது. "என்னவாம்? குடல்வால்தானே?"

கிஸ்லான் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா என்ன சொல்வாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"இல்ல," என்றாள் ஸுலீகா. அவள் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. "சினைப்பையில கட்டி. முறுக்கிக்கிச்சு. எம் பொண்ணு நேரத்துக்கு எழுந்து வந்ததால பொழைச்சுது. நான்தான் மறைக்கச் சொன்னேன், நான்தான் முட்டாள். உன் சின்னவளுக்கும் அடிவயிறு வலிக்குதுன்னு புலம்புவியே? சாம்பிராணியைத் தூக்கிப் போட்டுட்டு அவளை இங்க கூட்டிட்டு வா."

யமீனா தொண்டையைத் திறந்து குலவையிட்டாள். ஒருத்தி சேர்ந்தாள், பிறகு எல்லோரும் சேர்ந்தார்கள். நர்ஸ் அதட்டிக்கொண்டே ஓடிவந்தாள். கிஸ்லான் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.