அடுத்த மாநிலத்துக் கடல்

மகளை அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதற்காக டிரைவிங் மாஸ்டர் ரயில் ஏறவில்லை. சேர்க்க வேண்டாம் என்று சொல்ல நல்லதாக ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டுதான் ஏறினார்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தவறு செய்யும் முன்பே அவருடைய கால் அதன் மேல் போய் உட்கார்ந்துவிடும். "மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டா நல்லா நிறுத்த வரும், ஓட்டத்தான் வராது" என்று அவரிடம் கற்றவர்களே கேலி செய்வார்கள். ஆனால் தங்கள் பிள்ளைகள் வளர்ந்ததும் அவரிடம்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அவருடைய ஒரே மகளுக்கு வீட்டில் பொடிசு என்று பெயர். அப்பாவை விட அரை அடி உயரமாக வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. மழை வந்தால் தெருவே வீட்டுக்குள் ஓடும், பொடிசு மட்டும் வெளியே ஓடுவாள். அவர்கள் தெரு பள்ளத்தில் இருந்தது. எந்தப் பக்கத்துத் தண்ணீர் முதலில் வருகிறது, எங்கே சுழிக்கிறது, யார் வீட்டு வாசலில் திரும்புகிறது என்று குடையும் கையுமாகத் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "மத்த பிள்ளைங்களுக்குத் தண்ணியில கண்டம்பாங்க. இவளுக்குத் தண்ணியிலதான் கண்ணு" என்று அம்மா சொல்வாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், படித்தால் தண்ணீரைப் பற்றித்தான் படிப்பேன் என்றாள். அவர்கள் மாநிலத்திலேயே நல்ல பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து ஒரே பஸ். அந்த பஸ்ஸின் டிரைவரிடம்கூட மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். பொடிசு அங்கேயும் விண்ணப்பித்தாள், அடுத்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்தாள். இரண்டிலும் இடம் கிடைத்தது. அவள் தூரத்தில் இருந்ததுதான் வேண்டும் என்றாள்.

"ஏம்மா, நம்ம ஊர்த் தண்ணி ஈரமா இல்லையா?" என்றார் மாஸ்டர்.

"இங்க அது புத்தகத்துல இருக்குப்பா. அங்க தொட்டியில இருக்கு."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய மச்சானுக்கோ விளங்கிக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மச்சான் வீட்டுத் தரகர். எந்த இடத்தைப் பற்றிப் பேசினாலும் பஸ் ஸ்டாப் எவ்வளவு பக்கம், கடைத்தெரு எவ்வளவு பக்கம் என்றுதான் தொடங்குவார்.

"பெரிய பேரு எடுத்த தனியார் காலேஜ்னாலும் சரிங்கலாம். இது அரசாங்கக் காலேஜ்தானே மாப்ள? அதுதான் நம்மகிட்டயே இருக்கே. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையணுமா?"

பொடிசின் அம்மா மருத்துவமனையில் நர்ஸ். பேச்சை வளர்க்கிற ஆள் இல்லை. "இடம் கிடைச்சவங்களுக்கு ஒருநாள் சுத்திக் காட்டுறாங்களாம். எனக்கு லீவு கிடைக்காது. நீங்க கூட்டிட்டுப் போங்க. வேணாம்னாலும் பார்த்துட்டுச் சொல்லுங்க. பார்க்காமச் சொன்னா அவ காலத்துக்கும் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பா" என்றாள்.

அப்படித்தான் அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள்.

போய் இறங்கியதிலிருந்தே மாஸ்டர் வேலையைத் தொடங்கிவிட்டார். பல்கலைக்கழக வாசலில் சாலையைக் கடப்பது ஆபத்து. விடுதிப் படிக்கட்டு செங்குத்து. கேன்டீனுக்கும் விடுதிக்கும் நடுவில் நிழலே இல்லை. ஒவ்வொன்றையும் மகளிடம் சொல்லி, மனதிலும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். பொடிசு கூடவே நடந்தாள்.

சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்களில் பல, வெளி மாநிலத்திலிருந்து வந்தவை. மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் போய், "இவ்வளவு தூரம் எதுக்குங்க?" என்று கேட்டார். நம்மைப் போலவே குழம்பிப்போன ஒருவராவது அகப்பட மாட்டாரா என்ற ஆசை.

முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒருவர், "எங்க ஊர்லயும் இந்தப் பாடம் இருக்கு சார். ஆனா அதுக்கு ஒரே ஒரு வாத்தியார். அவர் ரிட்டயர் ஆகிட்டா பாடமும் ரிட்டயர் ஆகிடும். இங்க அந்தப் பாடத்துக்கு ஒரு கட்டடமே இருக்குதாம்" என்றார்.

சக்கர நாற்காலியில் இருந்த மகனோடு வந்திருந்த ஒரு பேக்கரிக்கார அம்மா, "எங்க ஊர்க் காலேஜ்ல இவனுக்கு இடம் தந்தாங்க, மாடிக்குப் போக வழி தரல. இங்க காலையிலேருந்து இவன் என்னைக் கூப்பிடவே இல்ல. எந்தக் கதவுக்கும் கூப்பிடல" என்றார். சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் கேள்வி கேட்பதை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மதியம் அவர்களை ஒரு பெரிய கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சரக்குக் கிடங்கு மாதிரி இருந்தது. தகரக் கூரை, வண்ணம் போன சுவர். 'இதுக்கா இவ்வளவு பாடு' என்று நினைத்துக்கொண்டே உள்ளே காலை வைத்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

உள்ளே வட்டமாக ஒரு தொட்டி. தொட்டி என்று சொல்லக் கூடாது, அவர்கள் தெருவையே சுருட்டி உள்ளே வைத்துவிடலாம். விளிம்பைச் சுற்றிலும், ஒரு கை அகலத்தில், வரிசையாகப் பலகைகள் நின்றன. உள்ளே தண்ணீர் அசையாமல் கிடந்தது. கூரையின் விளக்குகள் அத்தனையும் அதில் தலைகீழாகத் தொங்கின.

அந்தத் தொட்டிக்குப் பொறுப்பாளர் நீல மேலங்கி போட்ட ஓர் அம்மா. கைகளைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ஒரு துறைமுகம் கட்டணும், பாலம் கட்டணும்னா, முதல்ல அதைச் சின்னதா செஞ்சு இதுக்குள்ள வைப்போம். அப்புறம் எந்தக் கடல் வேணுமோ அந்தக் கடலை வரவழைப்போம். புயலும் வரும். தாங்குதான்னு பார்ப்போம். இந்தப் பலகை ஒவ்வொண்ணும் தனித்தனியா அசையும். எல்லாத்தையும் சரியா அசைச்சா, அலைங்க எல்லாம் ஒரே நொடியில நடுவுல வந்து சந்திக்கும். அதை இப்பக் காட்டப்போறேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நீளமான அலை சீக்கிரமா ஓடிடுமே. அப்போ குட்டி அலையைத்தானே முதல்ல அனுப்பணும்?"

யார் இது என்று மாஸ்டரும் திரும்பிப் பார்த்தார். பொடிசு.

பொறுப்பாளர் கை துடைப்பதை நிறுத்தினார். "ஆமா, அப்படித்தான் அனுப்புவோம். எங்க படிச்ச?"

"படிக்கல. குளத்துல பெரிய கல்லாப் போட்டுப் பார்த்திருக்கேன். அகலமான வளையம் முன்னாடி போயிடும். குட்டி வளையம் பின்தங்கிடும்."

"வா இங்க" என்று பொறுப்பாளர் அவளை மேடைக்கு அழைத்து, ஒரு பொத்தானைக் காட்டினார். பொடிசு ஒரு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அழுத்தினாள்.

முதலில் ஒன்றுமே நடக்காதது போலிருந்தது. பலகைகள் லேசாக நடுங்கின. விளிம்பைச் சுற்றிலும் பொடிப் பொடியாகச் சுருக்கங்கள் கிளம்பி நடுவை நோக்கி நகர்ந்தன. அவற்றின் பின்னால் கொஞ்சம் பெரியவை. அதற்கும் பின்னால், பாய் விரித்த மாதிரி அகலமாக, சத்தமே இல்லாமல் சில. பின்னால் கிளம்பியவை முன்னால் போனவற்றை எட்டிப் பிடிக்க ஓடின. எதுவும் எதையும் முட்டித் தள்ளவில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்க்கொண்டே இருந்தன. முடிதிருத்துபவர் மாஸ்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தாம் பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

நடுவில் தண்ணீர் ஒரு கணம் குழிந்தது. மறுகணம் எழுந்தது. தூண் மாதிரி எழுந்து, கூரைக்குப் பக்கத்தில் போய், போவதற்கு இனி இடமில்லை என்பதுபோல் நின்றது. அதன் உச்சியில் வெளிச்சம் பட்டு உடைந்தது. பிறகு மொத்தமும் விழுந்தது. அந்தச் சத்தம் மாஸ்டரின் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது.

யாரும் கைதட்டவில்லை. பேக்கரிக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அலைகள் திரும்பி விளிம்புக்கு வந்தன. பலகைகள் எதிர்த்து அசைந்து அவற்றை வாங்கிக்கொண்டன. சற்று நேரத்தில் தண்ணீர், நடந்தது எதுவும் தனக்குத் தெரியாது என்கிற மாதிரி, பழையபடி படுத்துக்கொண்டது.

மாஸ்டர் மேடையைப் பார்த்தார். பொடிசும் பொறுப்பாளரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் கையை விரித்து, குவித்து, காற்றில் அலை வரைந்து காட்டினாள். அந்த அம்மா தலையாட்டுவதும் மறுப்பதுமாக இருந்தார். பதினெட்டு வருஷம் பக்கத்திலேயே வைத்துப் பார்த்த முகம் அது. ஆனால் இப்படி ஒரு முகம் அவளுக்கு உண்டு என்று அவருக்குத் தெரியாது. இங்கே வராமலே இருந்திருந்தால் தெரியாமலே போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் பொறுப்பாளரிடம் போனார். "இதை யாருங்க கட்டினது?"

"இந்த மாநிலத்து ஜனங்கதான். எல்லாம் வரிப்பணம்."

"நாங்க இந்த மாநிலம் இல்லீங்களே."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட ஃபீஸ் கொஞ்சம் கூட வாங்குறாங்க" என்று சிரித்தார் அவர். "பொத்தானை அழுத்துறவங்க எந்த ஊருன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல."

வாசலுக்கு வெளியே, சாலையைக் கடந்ததும் ஒரு டீக்கடை இருந்தது. அப்பாவும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தெருவில் ஒருவர் வண்டியில் சிமென்ட் மூட்டை இழுத்துப் போனார். ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திக் காய் வாங்கினாள். எதிரே ஒருவர் ஏணி போட்டுக் கடைப் பலகைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். இவர்களெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கடலைக் கட்டியிருக்கிறார்கள். கட்டிவிட்டு, யார் என்றே தெரியாத ஒரு டிரைவிங் மாஸ்டரின் பெண்ணை அழைத்து, அழுத்து என்று விட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது. யாரிடம் போய் என்ன சொல்வது?

டீக்கடைக்காரரிடம்தான் கேட்டார். "அண்ணே, உள்ள அந்தத் தண்ணித் தொட்டியைப் பார்த்திருக்கீங்களா?"

"நீச்சல் குளமா? இருக்குன்னு சொல்லுவாங்க. நமக்கு எங்க நேரம்?"

"நீச்சல் குளம் இல்லண்ணே" என்று மாஸ்டர் எழுந்தே விட்டார். டம்ளரை மேசை நடுவில் வைத்தார். சுற்றிலும் பிஸ்கட் பாக்கெட்டுகளை அடுக்கினார். "இதெல்லாம் பலகைன்னு வச்சுக்கோங்க. குட்டி அலைதான் முதல்ல கிளம்பும். ஏன்னு கேளுங்க. பெருசு வேகமா ஓடிடும். எல்லாம் ஒரே நொடியில இங்க வந்து சேரணும். அப்படிச் சேர்ந்துச்சுன்னு வைங்க..." என்று கையை மேலே உயர்த்தினார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கையும் பாதியிலேயே நின்றது. "உங்க காசுண்ணே அது. ஒருநாள் கடையை அடைச்சுட்டாவது போய்ப் பார்த்துடுங்க."

"உங்க பொண்ணு இங்கதான் படிக்குதா?"

"ஆமா. இந்த வருஷம் சேருது" என்றார் மாஸ்டர்.

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. பொடிசு டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா, படிக்கட்டு செங்குத்துன்னு சொன்னீங்களே" என்றாள்.

"கைப்பிடி இருக்குல்ல? பிடிச்சுக்கிட்டு ஏறு."

ஊர் திரும்பிய அன்று மாலை, விஷயம் தெரிந்து மச்சான் வந்து காத்திருந்தார். "என்ன மாப்ள, போனது வேணாம்னு சொல்ல, வந்தது வேணும்னு சொல்லவா? அப்படி என்ன கண்டீங்க அங்க?"

மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். வார்த்தைக்குள் அது அடங்கவில்லை. அலை என்றார், தூண் என்றார், கூரை வரைக்கும் என்றார். "தண்ணி மேல எழும்பிச்சு. சரி. அதுக்கு?" என்றார் மச்சான்.

மாஸ்டர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். துணி ஊறவைக்கும் பெரிய வட்டத் தொட்டியை இழுத்து வந்து கூடத்தின் நடுவில் போட்டுத் தண்ணீர் நிரப்பினார். "இப்பத்தான் தரையைத் துடைச்சேன்" என்று முணுமுணுத்தபடியே அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். நான்கு பேரும் சுற்றிலும் மண்டிபோட்டுக் கைகளைத் தண்ணீரில் பதித்தார்கள்.

"சொல்லி வச்ச மாதிரி எல்லாரும் ஒண்ணா அமுக்கணும். மெதுவா" என்றாள் பொடிசு.

முதல் தடவை மச்சான் முந்திக்கொண்டார். தண்ணீர் அம்மாவின் மடியில் போய் விழுந்தது. அடுத்த தடவை மாஸ்டர் பிந்திவிட்டார். மூவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டார்கள். தரை பாதி நனைந்துவிட்டது. "மூச்சை விட்டுட்டு அமுக்குங்க" என்றாள் பொடிசு. எல்லோரும் மூச்சை விட்டார்கள். கைகள் ஒன்றாக இறங்கின.

விளிம்பிலிருந்து ஒரு வளையம் கிளம்பி உள்நோக்கிச் சுருங்கியது. சுருங்கிச் சுருங்கி நடுப்புள்ளிக்கு வந்தது. அங்கே, ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து நின்று, நுனியில் ஒரு துளியைக் கழற்றி மேலே எறிந்துவிட்டு அடங்கியது.

அம்மா ஈர மடியோடு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னத்தைப் பார்க்கிறாள் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

மச்சான் கையை வெளியே எடுக்கவில்லை. தண்ணீரையே பார்த்தபடி, "அங்க இதே மாதிரி கூரை வரைக்குமா?" என்று கேட்டார்.

"கூரை வரைக்கும் மாமா."

"ஸ்டேஷன்லேருந்து காலேஜ் எவ்வளவு பக்கம்?" என்றார் மச்சான்.