வலப்பக்கம் திரும்பிய வீடு

பெயின்டர் விழுந்த நாற்பதாவது நாள் அவர் வீட்டின் வாசல் பின் தெருவுக்கு வந்து சேர்ந்தது. தபால்காரர் வழக்கம்போல முன் தெருவில் நின்று மணியடித்தார். பெயின்டரின் மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து, சுற்றி வரச் சொன்னாள். வீடு ஒரு நாளைக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நடக்க இடம் விட்டுக் கட்டிய தனி வீடு என்பதால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மட்டும் மதிலோரம் வைத்திருந்த பூந்தொட்டிகளை நகர்த்த வேண்டியிருந்தது. குழாய்க்காரர் வந்து தண்ணீருக்கு நீளமான ரப்பர் குழாய் போட்டுக்கொடுத்தார். மின்சாரக்காரர் வயரைப் பார்த்துவிட்டு, பம்பரத்தில் கயிறு சுற்றியதுபோல இருக்கிறதே என்று சொல்லி எட்டு மீட்டர் கூடுதலாக விட்டுப் போனார். நகராட்சியிலிருந்து வந்தவர் நாடா பிடித்து அளந்து, வீடு தன் மனைக்குள்ளேயேதான் திரும்புகிறது, எல்லை மீறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெயின்டரும் அவர் மனைவியும் இருபத்தேழு வருஷமாக ஜோடியாகச் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர்கள். அவரைப் பெயின்டர் என்றும் அவளைப் பெயின்டரம்மா என்றும்தான் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சுவராக இருந்தாலும் வலக்கோடி அவருடையது, இடக்கோடி அவளுடையது. அவளுக்கு இடதுகைப் பழக்கம். அதனால் வந்த ஏற்பாடு. இரண்டு கோடியிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கி, அடித்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். நாடா பிடிப்பதில்லை, கோடு போடுவதில்லை. பிறகு அளந்து பார்த்தவர்கள், சந்தித்த இடம் நூல் பிசகாமல் நட்டநடுவாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் பேச வெட்கப்பட்ட காலத்தில்கூட, நடுவில் வந்து சேர்ந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது தவறியதில்லை. கடைசியாக ஒரு பள்ளிக்கூடத்தின் நீளச் சுவரில்தான் வம்பு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்த நேரம். நடுவுக்கு வந்தவர் அவள் அடித்த பகுதியை எட்டிப் பார்த்து, ரோலர் தடம் தெரிகிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். "உன் பக்கத்தைப் பாக்கவே சகிக்கல" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தார். அவள் மட்டும் சும்மா இருப்பாளா? "அப்போ பாக்காதீங்க" என்றாள். அரை மணி நேரத்தில் பெயின்டர் வாளியோடு கீழே விழுந்தார்.

மூளையின் வலப்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பார்வைக்குக் குறைவில்லை, பேச்சுக்குக் குறைவில்லை, இடது கையும் காலும் கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவர் மறந்துபோனார். தட்டில் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறதே என்பார். தட்டைத் திருப்பி வைத்தால், இப்போதாவது போட்டீர்களே என்று மீதியைச் சாப்பிடுவார். வலது கன்னத்தை மழமழவென்று மழித்துக்கொண்டு, தாடி வளர்ந்த இடது கன்னத்தோடு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். அவர் கண்கள் எப்போதும் வலப்பக்கமே போயின. கண் போன பக்கம் கழுத்து போயிற்று, கழுத்து போன பக்கம் கட்டில் போயிற்று, கட்டிலோடு வீடும் போயிற்று. பெயின்டரம்மா அவர் விழுந்தபோது இடப்பக்கம் நின்றவள். அதனால் அவளும் அந்த மறந்துபோன பாதியிலேயே மாட்டிக்கொண்டாள்.

வலப்பக்கம் போய் நின்றுவிட்டால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். அவளும் போய்ப் பார்த்தாள். அவள் ஓரடி வலப்பக்கம் வைத்தால் வீடும் ஓரடி வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் இடப்பக்கத்திலேயே நின்றாள். ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியே கடந்துவிடப் பார்த்தாள். வீடு அவளைவிட வேகமாகச் சுழன்றது. அலமாரியிலிருந்த பாத்திரமெல்லாம் கீழே உருண்டது, தையல்காரம்மாவின் ஒரு பூந்தொட்டி உடைந்தது. அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. உள்ளுக்குள் ஒரு வீம்பும் இருந்தது. சகிக்கல என்று சொன்ன மனுஷன்தானே, அவரே என் பக்கம் பார்க்கட்டுமே! ஆனால் "பாக்காதீங்க" என்று தானே வாயால் சொன்னது நினைவுக்கு வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்வாள். தன் வாய்க்கொழுப்புதான் மனுஷனை இப்படி ஆக்கிவிட்டது என்று நம்பினாள். டாக்டர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

கண்ணுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்தாள். தாள் நிறையப் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் அடிக்கச் சொல்வதால் தெருவில் அவளுக்குப் புள்ளி டீச்சர் என்று பெயர் வந்தது. பெயின்டர் வலப்பக்கப் புள்ளிகளை ஒன்று விடாமல் அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று பேனாவை மூடி வைப்பார். கண் போகும் வழியைப் படம் பிடிக்கும் சின்னக் கருவி ஒன்றும் அவளிடம் இருந்தது. அதன் திரையில் அவர் பார்வை வலது மூலையில் சிக்கு விழுந்த நூல்போலச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. இடப்பாதி ஒரு கோட்டிங்கூட அடிக்காத சுவராக வெறிச்சோடி இருந்தது. ஒரு கோடு வரைந்து அதன் நடுவில் புள்ளி வைக்கச் சொன்னாள். இது ஒரு பெரிய காரியமா என்று சிரித்தபடி பெயின்டர் வைத்த புள்ளி வலக்கோடிக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. இருபத்தேழு வருஷம் நாடா இல்லாமல் நடுவைக் கண்டுபிடித்த மனுஷன். பெயின்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "அழாதீங்கக்கா, அவரு கண்ணு சோம்பேறி ஆயிடுச்சு, அவ்வளவுதான். தள்ளிக்கிட்டே இருந்தா ஒருநாள் போகும்" என்றாள் புள்ளி டீச்சர். போகும்போது வீடு அந்த வாரம் எவ்வளவு திரும்பியது என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொண்டாள்.

கண்தான் அப்படி என்றால் காதும் அதோடு சேர்ந்துகொண்டது. இடப்பக்கமிருந்து வருகிற குரல் அவருக்கு வலப்பக்க ஜன்னல் வழியாக வருவதாகக் கேட்டது. வீடு திரும்பத் தொடங்குவதற்கு முன் அந்த ஜன்னலுக்கு அப்பால் இருந்தது தையல்காரம்மா வீடு. ஆகவே பெயின்டரம்மா பேசியதையெல்லாம் அவர் தையல்காரம்மா பேசுவதாக எடுத்துக்கொண்டு, மரியாதையாக நீங்க வாங்க போட்டுப் பதில் சொன்னார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் கிடைக்காத மரியாதை. பொண்டாட்டி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது அவர் முடிவு. அந்தச் சோகத்தை அவர் தையல்காரம்மாவிடம் கொட்டினார், அதாவது பொண்டாட்டியிடமே.

"ஏம்மா, அவ அடிச்ச சுவர்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. நான்தான் அன்னைக்கி வெயில்ல ஏதோ உளறிட்டேன்."

"இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா தலைக்கு ஏறிடும்மா."

பெயின்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று என்றுகூடச் சொல்லலாம். அவள் கை நேர்த்தி, அவள் கணக்கு, கலவை போடும்போது சொட்டுக்கூட மிகாத அவள் பதம் என்று தினம் ஒரு புகழ்ச்சி கிடைத்தது. ஒருநாள் மனது தாங்காமல், "நான்தாங்க உங்க பொண்டாட்டி" என்றாள். அவர் மனம்விட்டுச் சிரித்தார். "நல்லா மிமிக்ரி பண்றீங்கம்மா. குரல் அச்சு அசல் அவளேதான். ஆனா அவ இவ்வளவு நேரம் பொறுமையா கேக்க மாட்டா" என்றார். நிஜமான தையல்காரம்மாவோ தேவையில்லாமல் வாய் திறக்காதவர். ஜன்னல் தன் வீட்டுப் பக்கம் வரும் நாட்களில் பெயின்டர் கும்பிட்டு நன்றி சொல்லும்போதெல்லாம், எதற்கென்று தெரியாவிட்டாலும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

சிரிப்பு ஐந்தாம் மாதம் நின்றது. வீடு இரண்டாவது சுற்றை முடிக்கும் தறுவாயில் இருந்த ஒரு காலையில், பெயின்டர் எழுந்து, வலச்சுவரில் மாட்டியிருந்த அவள் ரோலரை எடுத்துக் கழுவித் துடைத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றினார். நாற்காலி போட்டு ஏறிப் பரண்மேல் வைத்தார். "போனவ போனவதாம்மா. இனிமே அவளப் பத்திக் கேக்க மாட்டேன்" என்றார் ஜன்னலைப் பார்த்து. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று முழுக்க அவளைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, மறுநாளும் இல்லை. கண்ணில்தான் இல்லை, நினைப்பிலாவது இருக்கிறோமே என்றுதான் பெயின்டரம்மா இத்தனை நாள் சமாளித்தாள். இப்போது அந்த இடமும் வெறிச்சோடப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் விம்மி விம்மி அழுதாள்.

அந்த வாரமே பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. அங்கே தரையோடு கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதற்கு நீல வர்ணம் அடிக்க இருவரும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் வருவதாகச் சொன்னார். "ஆனா பாதிதான் அடிப்பேன். மீதி அவ பாதி. அவ வந்தா அடிக்கட்டும், வராட்டி அப்படியே கெடக்கட்டும்" என்றார். தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். வேலை செய்வது நல்லதுதான் என்றாள் புள்ளி டீச்சர். போகிற வழியில் வண்டிக்காரர், பெயின்டர் சொன்னபடி, இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் மூன்று தரம் வலப்பக்கம் திரும்பிப் போய்ச் சேர்ந்தார். பெயின்டரம்மா பரணிலிருந்து ரோலரை இறக்கிக்கொண்டு பின்னாலேயே பஸ்ஸில் போனாள். தன் பாதி வெறும் சுவராகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

அங்கே நிலம் திரும்பவில்லை. பூமி ஏற்கெனவே தன் போக்கில் சுற்றிக்கொண்டிருப்பதால் பெயின்டரின் கண்ணுக்கு அது இசைந்து கொடுக்கவில்லை என்று பிற்பாடு புள்ளி டீச்சர் விளக்கினாள். அவர் தொட்டியைப் பார்த்து நின்று, ஏணிப்படிக்குப் பக்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார். வர்ணம் அடிக்கும்போது ஈரம் காய்வதற்குள் அடுத்த வீச்சு விழவேண்டும். நடுவில் திரும்பினால் கோடு விழுந்துவிடும். அதனால் அவர் சுவரைவிட்டு முகம் திருப்பவில்லை. பெயின்டரம்மா பழக்கதோஷத்தில் அவருக்கு இடப்பக்கம் நின்று, இடது கையால் ரோலரை நனைத்து, இடப்பக்கமாக நகர்ந்தாள். அவர் வலப்பக்கமாக நகர்ந்தார். வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்து இருவரும் அடித்ததெல்லாம் நேர்ச்சுவர். இரண்டு கோடி, ஒரு நடு. இது வட்டத்தொட்டி என்பதைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. அவருக்கு வலக்கோடி வரவே இல்லை, அடித்துக்கொண்டே போனார். அவளும், அவர் தன் பாதியோடு நிறுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று மனதுக்குள் பொருமியபடி, கண்ணைத் துடைத்துத் துடைத்து அடித்துக்கொண்டே போனாள்.

தொட்டியின் பின்பக்கம், மதியச் சங்கு ஊதுகிற நேரத்தில், பெயின்டரின் வலப்பக்கம் சுவரின் வளைவிலிருந்து ஒரு ரோலர் எட்டிப் பார்த்தது. பிறகு அதைப் பிடித்த இடது கை வந்தது, பிறகு முழங்கை.

"யாருப்பா அது? நம்ம வேலையில கை வைக்கிறது?" என்று அதட்டினார். அப்புறம் முகம் வந்தது. பெயின்டரின் ரோலரிலிருந்து வர்ணம் செருப்பின் மேல் சொட்டியது.

"எப்போடி வந்தே?"

"நான் எப்போங்க போனேன்?"

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "எளைச்சுட்டே" என்றார். ஐந்து மாதத்தில் அந்தக் கண்கள் அவள்மேல் விழுவது இதுதான் முதல் தடவை. ஆனால் இருவருக்கும் நடுவில் இன்னும் ஓரடி வெள்ளைச் சுவர் மீதி இருந்தது. அவள் வாளி காலி, அவர் வாளியோ அவருக்கு இடப்பக்கம் இருந்தது. அவள் ஒரு நொடி தயங்கினாள். போனால் மறுபடியும் காணாமல் போய்விடுவோமோ என்று பயந்தாள். போகாமலும் முடியாது, ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாக இடப்பக்கம் ஓரடி வைத்தாள். அவர் கண்கள் கூடவே வந்தன. இன்னும் ஓரடி வைத்தாள். வந்தன. நட்டநடுவில் வந்ததும் இரண்டு விழிகளும் துருப்பிடித்த கீல்போல நின்றுவிட்டன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது அடியை வைத்தாள். விழிகள் ஒருமுறை நடுங்கின, பிறகு அவளை விடமாட்டேன் என்பதுபோல அப்பால் நகர்ந்து, அவளோடு இடப்பக்கம் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவளுக்குப் பின்னால் நீளமாக ஒரு நீலச் சுவர் இருப்பதைப் பெயின்டர் அப்போதுதான் பார்த்தார். உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்னடி இது, ரோலர் தடம் இப்படித் தெரியுது?"

"அது உங்க பக்கங்க" என்றாள் பெயின்டரம்மா.

அவர் வலப்பக்கம் திரும்பி, கண்ணாடிபோல வழவழவென்றிருந்த அவள் பாதியைப் பார்த்தார். மறுபடி இடப்பக்கம் திரும்பித் தன் பாதியைப் பார்த்தார். "ரெண்டாவது கோட்டிங்ல சரியாயிடும்" என்றார். அவள் வாளியின் மேலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள்; நடுநடுவே அழுதாள். பிற்பாடு மேற்பார்வையாளர் அளந்து பார்த்தபோது, அவர்கள் சந்தித்த இடம் ஏணிப்படிக்கு நேர் எதிரே, நூல் பிசகாமல் இருந்தது.

அதற்குப் பிறகு புள்ளி டீச்சரின் திரையில் சிக்குநூல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து இடப்பக்கம் போகத் தொடங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. களைத்துப்போனால் இன்றும் தட்டில் பாதி மீதியாகும். வீடு தன் பழைய இடத்துக்குப் போய் நின்றுகொள்ளவும் இல்லை. இப்போது அது இரண்டு பக்கமும் திரும்புகிறது. பெயின்டரம்மா துணி உலர்த்த இடப்பக்கம் போனால் இடப்பக்கமும், தண்ணீர் பிடிக்க வலப்பக்கம் போனால் வலப்பக்கமுமாக, அவள் பின்னாலேயே அசைந்துகொண்டிருக்கிறது. தபால்காரர் தெருமுனையிலேயே நின்று, "பெயின்டரம்மா எந்தப் பக்கம் நிக்கிறாங்க?" என்று விசாரித்துவிட்டு, அந்தப் பக்கம் போய் வாசலில் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறார்.