படியேறுகிறவன்

"ஓடுக்கா, ஓடு! அவன் சந்துக்குள்ள பூந்துட்டான்!" ஹெட்ஃபோனுக்குள் மொட்டை கத்தினான்.

அவள் ஓடினாள். நின்ற இடத்திலேயே, சரளைக்கல் நிரப்பிய மரத்தட்டுக்குள், அளவு பெரிதான ஆண்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு. திரையில் ஓடுகிறவனின் கால் தரையைத் தொடும்போதெல்லாம் அவள் காலும் தொட்டது. அவன் சறுக்கினான், அவளும் சறுக்கினாள். முழங்காலுக்குக் கீழே வைத்திருந்த மைக் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

படத்தில் நடக்கிறவர்களுக்கெல்லாம் காலடிச் சத்தம் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணப் பெண்களாகவும் போலீஸ்காரர்களாகவும் நடந்திருக்கிறாள். ஒருமுறை இரண்டு தலையணைகளை வைத்துக்கொண்டு யானையாகவும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதைப் பதிவு செய்கிறவன் மொட்டை. தோள்வரை முடி வைத்திருப்பவனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

மணி இரண்டேகால். நான்கு மணிக்குள் படத்தை ஒப்படைத்தாக வேண்டும். முதல் படம் எடுக்கும் டைரக்டர், நகத்தைக் கடித்தபடி வந்து மொட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அஞ்சாவது ரீல் போடுங்க. அதுதான் படத்துக்கே உயிர்."

இருட்டுப் படிக்கட்டு. கூலிக்குக் கொலை செய்கிறவன் மூன்றாவது மாடிக்கு ஏறுகிறான். கால் தெரியவில்லை, தோள் மட்டும் அசைந்து அசைந்து மேலே போகிறது. அவள் ஏற்கெனவே நடந்து பதிவாகியிருந்த சத்தம் வந்தது. வந்ததா என்று சந்தேகப்படும்படி வந்தது. துணியைத் தரையில் வைத்து எடுப்பதுபோல ஒவ்வொரு படியாக.

டைரக்டர் நிமிர்ந்தார். "என்னம்மா இது? ஷூ எங்க? கொல்லப் போறானா, கொழந்தைக்குத் தாலாட்டுப் பாடப் போறானா?"

மொட்டை பட்டியலைப் புரட்டினான். முகம் சுருங்கியது. இரண்டாவது ரீலில் அதே ஆள், அதே செட்டில், அதே இருட்டில் தன் வீட்டுக்குப் படியேறுகிறான். உள்ளே மகள் தூங்குகிறாள். "அக்கா... ரீலை மாத்தி நடந்துட்ட. வீட்டுக்குப் போற நடையைக் கொலைக்குக் குடுத்துட்ட."

அவளுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷத்தில் இப்படியொரு தப்பு நடந்ததில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு.

"இது இப்படியே இருக்கட்டும் சார்."

"இருக்கட்டுமா? காசுக்குக் கொல்றவன்மா அவன்! ஒவ்வொரு படிக்கும் வயித்தைக் கலக்க வேணாமா? அடியில லாடம் வெச்ச ஷூவை எடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, ரெடிமேட் சத்தம் ஆயிரம் கிடக்கு. உங்க நடை மொத்தத்தையும் தூக்கிட்டு அதைப் போட்டுக்கறேன்."

"சார்," என்றான் மொட்டை, "உங்க ஹீரோ இடைவேளைக்குள்ள பதினாலு பேரைப் போட்டுத் தள்றாரு. அவரைப் பூ மாதிரி நடக்க வைக்கச் சொன்னீங்க."

"யோவ், அவரு ஹீரோய்யா!"

"அதானே. காசு வாங்காம கொன்னா ஹீரோ. இது தெரியாம உக்காந்திருக்கேன் பாருங்க."

டைரக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. சரளைத் தட்டின் விளிம்பில் உட்கார்ந்து, ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டவன்தான் சார். நான் இல்லேங்கல. ஆனா கெட்டவனுக்குன்னு தனியா ஒரு காலு கிடையாதே. நீங்க சொன்னபடி லாடம் போட்டே நடந்து தர்றேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

மொட்டை மறுபடி ஓட்டினான். பாதத்தின் வெளி விளிம்பு முதலில் இறங்கியது, குதிகால் கடைசியில். திருப்பத்தில் ஒரு நிற்றல், மூச்சு வாங்க. யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்கிற கவலை அந்தச் சத்தம் முழுக்க இருந்தது. கண்ணை மூடியிருந்த டைரக்டரின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. மூன்றாவது மாடியில் சத்தம் நின்றபோது அவர் உடனே கண்ணைத் திறக்கவில்லை.

"லாடத்தை விட இது பயமா இருக்கும்மா," என்றார், ரொம்பச் சின்னக் குரலில். "யாரைப் பார்த்துப் பிடிச்சீங்க இந்த நடையை?"

"பார்த்ததில்ல சார், கேட்டதுதான். எங்க வீடும் மூணாவது மாடி. அப்பா வெளியூர் போயிட்டு வந்தா கீழ்ப்படியிலயே ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்குவாரு. பொண்ணு முழிச்சுக்கக் கூடாதாம். நான் எங்க தூங்கறது? காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன். வந்து போர்வையை இழுத்து விடுவாரு. நான் குறட்டை விட்டு நடிப்பேன். நடிப்புன்னு அவருக்கும் தெரியும். காலைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போவாரு."

மொட்டை கண்ணாடிக்குப் பின்னால் புன்னகைத்தான். "லாரி ஓட்டற மனுஷனுக்கு என்ன பாசம் பாருங்க சார்."

"லாரின்னுதான் எங்ககிட்டயும் சொல்லியிருந்தாரு."

ஒற்றை ஷூ அவள் மடியில் இருந்தது.

"கோர்ட்டுல ஒரு அம்மா சாட்சி சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு மாடிப்படியில ஒரு சத்தமும் கேக்கலையாம். கதவைத் திறந்து பார்த்தப்ப ஒரு ஆள் கீழ இறங்கிப் போயிட்டிருந்தாராம்." அவள் தலை நிமிரவில்லை. "பக்கத்து ரூம்ல அவங்க கொழந்தை தூங்கிக்கிட்டு இருந்துச்சாம். அந்த ஆளு ஷூவைக் கையில பிடிச்சிருந்தாராம்."