தேரியில் பதிமூன்று மைல்

ஓட்டம் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கும்போது மணி எட்டேகால். கொடியசைக்க வேண்டிய பெரிய அதிகாரி திருநெல்வேலியிலிருந்து காரில் வந்து சேர அவ்வளவு நேரமாகிவிட்டது. ஓட்டத்தை ஏற்பாடு செய்திருந்த கருப்பட்டி வியாபாரி மந்திரமூர்த்தி அண்ணாச்சி, கையில் ரோஜா மாலையோடு சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். விருந்தாளியை விட்டுவிட்டுத் தொடங்கினால் ஊருக்கு என்ன மானம் என்று இரண்டு முறை கேட்டார். ஓட வந்திருந்த பதினோரு பேரும் கிழக்கே தேரியைப் பார்த்தார்கள். சிவந்த மணல் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் வரைக்கும் போயின. ஆனி மாதத்து வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் அந்த மணலில் ஆட்டுக்குட்டிகூடக் கால் வைக்காது. எல்லோருக்கும் அது தெரியும். மாலையும் கையுமாக நிற்கிற மனுஷரிடம் அதை எப்படிச் சொல்வது?

சாலிஹுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவன் காயல்பட்டினத்துக்காரன்தான், ஆனால் பதினைந்து வயதிலேயே கொழும்புக்குப் போய், அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையோரம் ஓடுகிற பழக்கம் அங்கே வந்தது. ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்திருந்தான். இன்னும் நான்கு நாளில் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும். மனைவி ராஹிலாவுக்கு எட்டாவது மாதம். மச்சான் ஹாமிது, கொழும்பில் ஓடினேன் ஓடினேன் என்கிறாயே, தேரியில் ஓடிக் காட்டு என்று சீண்டிவிட்டதில், ராஹிலாவிடம் தூத்துக்குடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்து நின்றான்.

பதிமூன்று மைல். தேரியைக் குறுக்கே கடந்து காயல்பட்டினம் கடற்கரையில் முடிய வேண்டும்.

முதல் மேட்டில் ஏறும்போதே மணல் பின்னுக்கு இழுத்தது. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கியது. மூன்றாவது மைலுக்குள் ஒன்பது பேர் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியது சாலிஹும் தளவாயும். தளவாய் இருபது வயதுப் பனையேறி. மரத்தில் ஏறி ஏறிக் காய்த்த பாதம் அவனுக்கு, வெறுங்காலோடு ஓடினான். சாலிஹைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டு, அவன் கான்வாஸ் சப்பாத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

"தலகாணிக்குத்தான் உறை போடுவாக. காக்கா காலுக்குப் போட்டிருக்காரு."

ஆறாவது மைலில் ஒரு வேப்பமரத்தடியில் தண்ணீர்ப் பானையோடு இரண்டு பேர் இருப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மரம் இருந்தது. அதன் அடியில் பானை வைத்த வட்டத் தடமும், கவிழ்ந்து கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையும் இருந்தன. ஆட்கள் இல்லை. ஏழரை வரைக்கும் காத்திருந்துவிட்டு, ஓட்டம் இல்லை போலிருக்கிறது என்று பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வழிகாட்டும் கொடிகளும் அங்கிருந்து மேலே கண்ணில் படவில்லை. காற்று பிடுங்கிப் போட்டிருக்கலாம், மணல் மூடியிருக்கலாம்.

சாலிஹ் சிரட்டையை எடுத்துப் பார்த்தான். அது காய்ந்து கிடந்தது.

திரும்பலாமா என்று கேட்டான். திரும்பினாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான் என்று தளவாய் கணக்குச் சொன்னான். ஆனியில் காற்று மேற்கேயிருந்துதான் அடிக்கும். அது முதுகில் படுகிற வரைக்கும் கடலைப் பார்த்துத்தான் போகிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்றான். ஆனால் அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

இன்னும் இரண்டு மைல் போயிருப்பார்கள். தளவாய் ஒரு காலை உதறி, மறு காலை உதறி, கூத்தாடுகிறவன் மாதிரி ஓடினான். பிறகு உட்கார்ந்துவிட்டான். மணல் வளர்ந்து வளர்ந்து கழுத்து வரை மூடிவிட்ட பனை ஒன்று அங்கே நின்றது. அதன் மட்டைகள் தரையிலிருந்தே விரிந்திருந்தன. அந்தக் கையகல நிழலில் அவன் பாதத்தைத் திருப்பிக் காட்டினான். காய்ப்புத் தோலுக்கு அடியில் நீர் கோத்து, உள்ளங்கால் முழுவதும் ஒரே கொப்புளமாக இருந்தது.

"நீங்க போங்க காக்கா. நான் மெதுவா வாரேன்."

அவனால் வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். சாலிஹ் ஆளனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினான். தளவாயே போகச் சொன்னதில் அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷம் அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால்கள் நிற்கவில்லை. பயம் அவன் கால்களை வாங்கிக்கொண்டு தானே ஓடியது. ராஹிலாவின் முகம் வந்தது. தான் இங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது என்பதும் கூடவே வந்தது.

ஒரு மேடு ஏறி இறங்கினான். இன்னொன்று. அதன் உச்சியில் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தான்.

அவன் வந்த தடம் இல்லை.

சப்பாத்து பதிந்த குழிகள் பக்கத்தில் மட்டும் நான்கைந்து இருந்தன. அவையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் சரிந்து நிறைந்தன. அப்பால் மணல் ஒருபோதும் யாரும் மிதிக்காதது போலக் கிடந்தது. கழுத்து வரை புதைந்த பனைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது முப்பது தெரிந்தன. எல்லாம் ஒன்று போலவே இருந்தன. தளவாய் எதன் அடியில் இருக்கிறான்?

ஆளனுப்புகிறேன் என்றோமே, எங்கே அனுப்புவது? தளவாய் இருக்கும் இடம் இந்த உலகத்திலேயே ஒருவனுக்குத்தான் தெரியும். இன்னொரு மேடு தாண்டினால் அவனுக்கும் தெரியாது.

சாலிஹ் அங்கேயே நின்றான். எவ்வளவு நேரம் என்று பிறகு யோசித்தபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகில் காற்று, போ போ என்று தள்ளியது. கடல் எங்கேயோ அந்தப் பக்கம்தான். கடைசியில் அவன் திரும்பியது துணிச்சலால் இல்லை. தனியாகப் போவதற்கும் பயமாக இருந்தது.

எதிர்க்காற்றில் மணல் கண்ணில் அறைந்தது. வாயைத் திறந்து கூப்பிட்டால் சத்தத்தைக் காற்று பின்னால் அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு பனையடிக்குப் போனான். யாருமில்லை. இன்னொன்று. அங்கே ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தானும் தொலைந்துவிட்டதாக அவனுக்கு உறுதியாகத் தோன்றியபோது, காற்றோடு ஒரு குரல் வந்தது. யாரோ நிதானமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாலை வேணுமாம், மாலை. இவரு இட்லி தின்னு, ஏப்பம் விட்டு, வேட்டி மடிச்சு வாரதுக்குள்ள ஒருத்தன் சாவணும். சவத்துப்பய காரு."

சாலிஹ் அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டு போனான். அது நின்றுவிடக் கூடாதே என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே போனான். அதிகாரியின் மூன்று தலைமுறையையும் திட்டி முடிப்பதற்குள் பனை தெரிந்தது.

தளவாய் அவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"போயிட்டீகன்னு நெனச்சேன்."

"போயிட்டேன்தான். பாதி வழியில திரும்பிட்டேன்."

தளவாய் பனையை ஒட்டி மணலை முழங்கை ஆழம் தோண்டச் சொன்னான். மேல்மணல் விரலைச் சுட்டது. ஒரு சாண் போனதும் சூடு விட்டது. இன்னும் கொஞ்சம் போனதும் மணல் கறுத்து, ஈரம் தட்டியது. இருவரும் அதற்குள் காலை விட்டு மூடிக்கொண்டு, தலைக்கு மேல் பனை மட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓடாமல் உட்கார்ந்திருப்பதுதான் சாலிஹுக்கு எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது. இடுப்பு வரை மணல் ஏறியது. தட்டிவிட்டார்கள். மறுபடியும் ஏறியது. தளவாய் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் சாலிஹ் அவன் தோளை உலுக்கினான். ஒரு கட்டத்தில் உலுக்கியும் பதில் வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். துடித்தது. பிடித்த கையை வெயில் தாழும்வரை எடுக்கவில்லை.

வெயில் சாய்ந்து மணல் ஆறியதும், சாலிஹ் தன் சட்டையைக் கிழித்துத் தளவாயின் இரண்டு பாதங்களையும் சுற்றிக் கட்டினான். அவனை எழுப்பி நிறுத்தி, மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இருவரும் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு நடந்தார்கள். ஒரு மைல் போக ஒரு மணி நேரமாயிற்று. தளவாய் இரண்டு முறை விழுந்தான். இரண்டு முறையும் சாலிஹும் சேர்ந்து விழுந்தான்; கையை விடவில்லை.

தேரியின் கிழக்கு ஓரத்தில் பதனீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசையான விடிலி ஒன்று இருந்தது. புகையைத்தான் முதலில் பார்த்தார்கள். வடிவம்மாள் என்ற அந்த விடிலிக்காரி, செம்மண் பூசிய இரண்டு உருவங்கள் ஒன்றாக ஆடி ஆடி வருவதைக் கண்டு அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மனிதர்கள்தான் என்று தெரிந்ததும் அதைப் போட்டுவிட்டுச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் தளவாயின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பிறகு செம்பைச் சாலிஹிடம் நீட்டினாள்.

அவன் ஒரு கையை மட்டும் நீட்டினான்; மறு கை தளவாயின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. செம்பு சரிந்ததில் பாதித் தண்ணீர் சிந்தியது.

"ரெண்டு கையாலயும் வாங்கு ராசா. அவன் எங்கன போயிரப் போறான்?"

சாலிஹ் தளவாயைப் பார்த்தான். பின்னால் தேரியைப் பார்த்தான். அங்கே அவர்கள் வந்த தடம் அழிந்துகொண்டிருந்தது. செம்பை ஒரு கையாலேயே வாங்கி, சிந்தியது போக மிச்சத்தைக் குடித்தான்.