சொல்லாமல் விட்ட குழாய்

தொண்ணூற்றாறு ஐப்பசியில் எனக்கு மறுபடியும் மஞ்சள் காமாலை வந்ததும் என் வீட்டுக்காரர் திடீரென்று நல்லவராகிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், தானே டிகாக்‌ஷன் இறக்கிக் காபி கொண்டுவந்தார். ஒரு வார்த்தை குறை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிற ராமானுஜம், நான் எரிந்து விழுந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாருக்குக் கேன்சர் வந்தாலும் ஊருக்கே தெரியும், அவர்களுக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். நன்றாகக் கவனித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அடையாறில் டாக்டர் வெங்கடரமணன், வாய்வழியாக எண்டோஸ்கோப் விடவேண்டும் என்றார்.

"வேண்டாம். கேன்சர்னு எனக்குத் தெரியும். போற உசுரு நம்மாத்துலயே போகட்டும்."

"கேன்சரா? யார் சொன்னா, மாமி? போன தடவை கல்லை எடுத்தப்போ பித்தக்குழாய்ல ஒரு பிளாஸ்டிக் குழாய் வெச்சோம். மூணு மாசத்துல எடுத்திருக்கணும். இப்போ அடைச்சுண்டு, மேலே நழுவிப் போயிருக்கு. மாமாகிட்ட அப்பவே சொல்லித்தானே அனுப்பினேன்?"

ராமானுஜம் தரையைப் பார்த்தார். "உள்ளே குழாய் இருக்குன்னா நீ பயந்துடுவியேன்னு சொல்லலை. நன்னாத்தானே இருந்தே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே சந்தேகமும். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்களோ?

"அந்தக் குழாயை எடுத்து என் கண்ணுல காட்டணும். காட்டறதா இருந்தா படுத்துக்கறேன்" என்றேன்.

தொண்டையில் மருந்தடித்து, ஊசி போட்டார்கள். அரைத் தூக்கத்தில் டாக்டர் குரல் கேட்டது: "பிடி நழுவறது, இன்னொரு தடவை." பெருமாளே என்று கிடந்தேன்.

கண் விழித்ததும் ஸ்டீல் தட்டில் வைத்துக் காட்டினார். விரல் நீளத்தில், பித்தம் படிந்து கறுத்த பிளாஸ்டிக் துண்டு. கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்தாராம். அந்த அசிங்கத்தைப் பார்த்து ஆனந்தத்தில் அழுதேன்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் ராமானுஜம் காபியோடு வந்தார்.

"இனிமே எனக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமே இல்லை. சத்தியமா."

குழாய் வைத்த அன்றைக்கும் இப்படித்தான் சொன்னார். ஒரு வாய் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"காபியா இது, கஷாயம்!" என்றேன், பழையபடி சண்டைக்கு வரட்டும் என்று.

"வேற கலந்துண்டு வரட்டுமா, கோமளம்?" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.